நாலு கூட்ஸ் நேரம்

எலும்பு வேக எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
என்னிடம் கடிகாரம் இல்லை, கொருக்குப்பேட்டை கேட் இருக்கிறது.
மணியடித்து அது மூடும்போது
அடுப்பைச் சிம்மில் வைப்பேன்.
நாலு கூட்ஸ் போய் முடிவதற்குள்
எலும்பு மனசு மாறிவிடும்.

ஆடுதொட்டியில் கலீமுல்லா சொன்னான்:
"நல்லி மட்டும் கேக்காத, மூட்டையும் வாங்கிக்க.
பசையெல்லாம் அதுலதான் கீது."
கறி வாங்காதவனுக்கு
எலும்பை நிறுக்கும்போது
தராசைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பது
அவனுடைய மரியாதை.

தேசராணி பால்வாடியில் ஆயா.
ஆடி மாத மழையில், சமையலறைப் படியில்,
முட்டைத் தட்டோடு வழுக்கினாள்.
உடைந்தவை:
இருபத்தெட்டு முட்டை, ஒரு கால்.
மீதி ரெண்டு முட்டையைப்
பிள்ளைகளுக்கு வேகவைக்கச் சொல்லிவிட்டுத்தான்
ஆட்டோவில் ஏறினாள்.

அந்த ஆட்டோவும் இதே கேட்டில்தான் நின்றது.
அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
நான் பெட்டிகளை எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு.
வேறு என்ன செய்ய?

ஸ்டான்லியில் உணவு சொல்லும் அம்மாவிடம்
எலும்பு சூப் பற்றிப் பெருமையாகக் கேட்டேன்.
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"கால்சியம் அதுல ரொம்ப இறங்காதுங்க.
எலும்பு அவ்வளவு சீக்கிரம் விட்டுக் கொடுக்காது.
கொஞ்சம் புரதம் இருக்கு, உப்பு இருக்கு.
பால் குடுங்க, கேவுரு குடுங்க, முட்டை குடுங்க."
முட்டை என்றதும்
தேசராணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினோரு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.
மாத்திரை நாக்கைக் கசப்பாக்கியிருந்தது.
ரேஷன் அரிசிச் சோறு
தட்டில் வைத்தபடியே காய்ந்து கிடக்கும்.
சூப்பை டம்ளரில் நீட்டினால் மூக்கைப் பொத்துவாள்.
கண்டெய்னர் லாரியில்
துறைமுகத்துக்கு எத்தனையோ சரக்கு ஏற்றிப் போனவன் நான்.
உள்ளே இருப்பது வெளியே தெரியாமல்
கொண்டுபோவது எப்படி என்று
எனக்கா சொல்லித்தர வேண்டும்?

அரிசியை நாலு தண்ணீர் கழுவினேன்.
ஒரு ஆழாக்குக்கு
ரெண்டரை ஆழாக்கு எலும்புச் சாறு.
மேலே மிதந்த கொழுப்பைக் கரண்டியால் ஒதுக்கினேன்,
எல்லாவற்றையும் அல்ல.
இடித்த மிளகு, இஞ்சி, சின்ன வெங்காயம்,
ஒரு தக்காளி நசுங்கியது.
உப்பு கடைசியில், பயந்து பயந்து.

ரேஷன் அரிசிக்கும் ஒரு ரோஷம் உண்டு போல.
தண்ணீரில் வேகும்போது முறைத்துக்கொண்டு நிற்பது
அன்று சாற்றையெல்லாம் குடித்து
பருத்து, பளபளத்து,
கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

ஒரு வாய் தின்றாள்.
"இன்னாத்தப் போட்ட?"
பொய் சொல்ல வரவில்லை.
"தண்ணி ஊத்தல" என்றேன்.
இன்னொரு வாய். பிறகு தட்டை
என் பக்கமாகத் தள்ளினாள்,
வேண்டாம் என்றல்ல, இன்னும் போடு என்று.
நல்லியைத் தட்டின் விளிம்பில் தட்டினாள்,
டொக், டொக்.
பக்கத்துப் போர்ஷன் எஸ்தர் எட்டிப் பார்த்து
யார் வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்றாள்.

மீதமிருந்த சாறு விடியற்காலையில்
சட்டியில் நுங்கு போல நடுங்கியது.
அதை அவளிடம் காட்டினேன்.
பால்வாடிக் குரலில் பாடம் எடுத்தாள்:
"ஒடம்ப வளக்கிற சத்து. ஆனா
அந்தம்மா சொன்னது சரிதான்,
இது மட்டும் பத்தாது.
கீரை எங்க?"
அன்றுமுதல் கீரையும் வாங்குகிறேன்.
முட்டை பற்றி இன்னும்
பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

நேற்று நாலாவது கூட்ஸ் போயிற்று.
நான் புகையும் பீடியுமாக
வெளியே நின்றிருந்தேன்.
உள்ளேயிருந்து சத்தம்:
"கேட்டு தொறந்து எவ்ளோ நேரம் ஆச்சி,
அடுப்ப அணைய்யா!"
திரும்பினால்,
வாக்கரைப் பிடித்தபடி
வாசலில் நிற்கிறாள்.
கட்டிலிலிருந்து அங்கே
ஏழு அடி.
சோறும்
அடி பிடித்திருந்தது.